கசப்பும் மருந்தும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அவ்வப்போது ஒரு பொட்டலம் வருவதுண்டு. உலர்ந்த வேப்பம்பூ, சுண்டைக்காய் வற்றல், ஓமம், சுக்கு முதலியவை அதில் இருக்கும். பொட்டலத்துடன் பாட்டியின் அறிவுரை ஒன்றும் தொலைபேசியில் வரும். குழந்தை நன்றாக உண்டும் உடல் தேறவில்லை என்றால், இரவில் பல்லைக் கடிக்கிறது என்றால், அடிக்கடி வயிற்றுவலி என்கிறது என்றால், ‘வயிற்றில் பூச்சி இருக்கும், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடு’ என்பார் பாட்டி. ஊரில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்த நாள்களையும் அவர் நினைவுகூர்வார். அன்று வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் வரிசையாக நிற்பர். மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விழுங்குவர். ‘பேதிக்குக் கொடுத்தல்’ என்று அதற்குப் பெயர்.

பாட்டி சொல்லும் பூச்சி எது? அது வயிற்றுக்குள் எவ்வாறு சென்றது? வேப்பங்கொழுந்து அதனை வெளியேற்றுமா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

உடலுக்குள் ஒரு விருந்தாளி

பிற உயிரின் உடலில் தங்கி, அதன் உணவையோ குருதியையோ உண்டு வாழும் உயிர் ஒட்டுண்ணி எனப்படும். அதற்கு இடமளிக்கும் உயிர் ஓம்புயிர் எனப்படும். மனிதக் குடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்கள் பல வகைப்படும்.

அவற்றுள் ஒன்று உருளைப்புழு. இது 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. சிற்றூர்களில் இதனை நாக்குப்பூச்சி என்பர். ஒரு பெண் புழு ஒரு நாளில் ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும். அவை மலத்துடன் வெளியேறி மண்ணில் கலக்கின்றன. கழுவாத காய்கறி, அழுக்குக் கை, தூய்மையற்ற நீர் ஆகியவற்றின் வழியாக அவை மீண்டும் மனிதரின் வாய்க்குள் செல்கின்றன. குடலில் பொரித்த இளம்புழு உடனே அங்குத் தங்குவதில்லை. அது குருதியில் கலந்து, கல்லீரலைக் கடந்து, நுரையீரலை அடைகிறது. பின்னர்த் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மறுபடியும் குடலுக்கு வந்து வளர்கிறது.

கொக்கிப்புழுவின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். எனினும் அது செய்யும் தீங்கு பெரிது. அதன் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து, செருப்பணியாத காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சுகிறது. இத்தகைய புழுக்கள் பல சேர்ந்தால் குழந்தைக்குக் குருதிச்சோகை உண்டாகும். முகம் வெளுக்கும், ஓடினால் மூச்சு வாங்கும், வகுப்பில் கவனம் நிற்காது. இத்தகைய குழந்தை சோம்பேறி என்று பழிக்கப்படுவதும் உண்டு. உண்மையில் அது நோயுற்ற குழந்தை.

சாட்டைப்புழு பெருங்குடலில் வாழ்வது. கீரிப்பூச்சி என்னும் சிறிய வெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அதனால் அரிப்பு உண்டாகிறது. சொறிந்த விரல் வாய்க்குச் சென்றால் முட்டையும் உடன் செல்கிறது. நன்கு வேகாத இறைச்சியின் வழியாக வரும் நாடாப்புழு பல மீட்டர் நீளம் வளரக்கூடியது.

பல்லைக் கடிப்பதால் மட்டும் வயிற்றில் புழு உண்டு என்று முடிவு செய்ய இயலாது. மலத்தை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தால் பெரும்பாலான புழுக்களின் முட்டைகளைக் கண்டறியலாம்.

சரகர் கூறிய மூன்று வழிகள்

இந்தியாவின் பழைய மருத்துவ நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதை கிருமிகளை இருபது வகையாகப் பிரித்துக் கூறுகிறது. அவற்றை நீக்குவதற்கு மூன்று வழிகளையும் அது காட்டுகிறது. கிருமியைப் பிடித்தோ பேதி முதலியவற்றாலோ வெளியேற்றுவது முதல் வழி. கசப்பு, கார்ப்பு, துவர்ப்புப் பொருள்களைக் கொடுத்து, கிருமி வாழ முடியாதபடி உடலின் சூழலை மாற்றுவது இரண்டாம் வழி. கிருமி தோன்றக் காரணமானவற்றைத் தவிர்ப்பது மூன்றாம் வழி.

பாட்டியின் விளக்கெண்ணெய் முதல் வழியைச் சேர்ந்தது. வேப்பங்கொழுந்து இரண்டாம் வழியைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் இணைத்துச் செய்ததற்கும் ஒரு காரணம் உண்டு. புழுநீக்கும் மூலிகைகள் சில புழுவைக் கொல்வதில்லை, மயங்கச் செய்கின்றன. மயங்கிய புழு குடற்சுவரில் தன் பிடியை இழக்கிறது. அந்நேரத்தில் பேதியானால் புழு வெளியேறிவிடும். பேதியாகாவிட்டால் அது மயக்கம் தெளிந்து மீண்டும் நிலைகொள்ளலாம்.

சமையலறையில் கசப்பு

சித்திரை முதல் நாளில் தமிழ் வீடுகளில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்த்துப் பச்சடி செய்வர். இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்தில் உகாதிப் பச்சடியில் வேப்பம்பூ சேர்கிறது. கர்நாடகத்தில் உகாதியன்று வேம்பையும் வெல்லத்தையும் ஒருங்கே உண்பர். மகாராட்டிரத்தில் குடிபாட்வா நாளன்று வேப்பிலை உண்ணும் வழக்கம் உள்ளது. வங்காளத்தில் இளவேனிற் காலத்தில் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயுடன் சேர்த்து வறுத்து உண்பர். அங்கு விருந்தின் முதல் உணவாகிய ‘சுக்தோ’விலும் பாகற்காயின் கசப்பு உண்டு. இவ்வாறு பல மாநில மக்களும் ஒரே கசப்பைத் தத்தம் முறையில் போற்றி வந்துள்ளனர்.

வேப்பம்பூ இரசம், சுண்டைக்காய் வற்றற்குழம்பு, பாகற்காய்ப் பொரியல், ஓமநீர் ஆகியவை நல்ல உணவுகள். ஓமத்தில் தைமால் என்னும் பொருள் உள்ளது. கொக்கிப்புழுவை நீக்க மருத்துவர்கள் ஒரு காலத்தில் தைமாலைப் பயன்படுத்தினர். ஆயினும், அதன் அளவு மிகுந்தால் அது நோயாளிக்கே தீங்கு செய்தது. வீட்டில் காய்ச்சும் ஓமநீரில் அதன் அளவு மிகக் குறைவு. ஆதலால் ஓமநீர் வயிற்றுப் பொருமலைத் தணிக்கலாம். குடலிலுள்ள புழுக்களை எல்லாம் அது வெளியேற்றிவிடும் என்று நம்பி இருத்தல் கூடாது. மற்றக் கசப்புணவுகளுக்கும் இது பொருந்தும். உணவு வேறு, மருந்து வேறு.

நாட்டு மருந்துக் கடையில்

புழுநீக்கும் மூலிகைகளுள் சிறந்தது விடங்கம் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் இதனை வாய்விளங்கம் என்பர். இது ஒரு கொடியின் காய். உலர்ந்த நிலையில் மிளகைப்போலத் தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் இக்கொடி வளர்கிறது. இதில் எம்பெலின் என்னும் பொருள் உள்ளது. காட்டிலிருந்து மிகுதியாகப் பறிக்கப்படுவதால் இக்கொடி அருகி வருகிறது. அதனால் வேறு செடிகளின் காய்களை வாய்விளங்கம் என்று விற்பதும் உண்டு.

தில்லிக்கும் சார்க்கண்டுக்கும் நன்கு அறிமுகமான மரம் பலாசு. இளவேனிலில் இலையுதிர்ந்து, தீப்பிழம்புபோல் பூத்து நிற்கும் இம்மரம் தமிழில் புரசு எனப்படும். இதன் விதையும் உருளைப்புழுவை நீக்குவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

பப்பாளி விதையைப் பற்றி 2007ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. குடல் ஒட்டுண்ணிகள் உள்ள 60 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர்க்கு உலர்ந்த பப்பாளி விதைத்தூள் தேனில் கலந்து கொடுக்கப்பட்டது. மற்றொரு குழுவினர்க்குத் தேன் மட்டும் கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்திற்குப்பின் ஆராய்ந்தபோது, விதைத்தூள் உண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் மலத்தில் ஒட்டுண்ணிகள் காணப்படவில்லை. தேன் மட்டும் உண்டவர்களில் ஆறில் ஒரு பங்கினரே அந்நிலையை அடைந்தனர். இது நம்பிக்கை தரும் முடிவு. எனினும் 60 பேரிடம் செய்த ஒரு சிறு சோதனையைக் கொண்டு அனைவர்க்கும் மருந்து கூற இயலாது. ஒரு குழுவுக்கு விதைத்தூளைக் கொடாமல் ஒப்பிட்டுப் பார்த்தமையே இச்சோதனையின் சிறப்பு. ‘இதை உண்டேன், குணமானேன்’ என்னும் கூற்றுக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செடியிலிருந்து மாத்திரைக்கு

மூலிகையில் உள்ள எந்தப் பொருள் நோயை நீக்குகிறது என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியை அது அழிக்கவல்லது. தென் அமெரிக்காவுக்கு உரிய சின்கோனா மரம் 1860களில் நீலகிரி மலையிலும் டார்ஜிலிங் பகுதியிலும் பயிரிடப்பட்டது.

மாதுளையின் வேர்ப்பட்டையும் தண்டுப்பட்டையும் நாடாப்புழுவை நீக்கும் என்பது இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பழங்காலம் தொட்டே அறியப்பட்டது. 1878ஆம் ஆண்டில் தான்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர் அதிலுள்ள மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, பெல்லத்தியேயின் நினைவாக அதற்குப் பெல்லத்தியரின் என்று பெயரிட்டார். மாதுளம் பழம் இனியது. அதன் வேர்ப்பட்டையோ அளவு மிகுந்தால் நஞ்சாகும். ஒரே மரத்தின் ஒரு பகுதி உணவாகவும் மற்றொரு பகுதி மருந்தாகவும் நஞ்சாகவும் அமைவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சீனாவில் தூ யூயூ என்னும் பெண் அறிவியலாளர் பழைய மருத்துவச் சுவடிகளை ஆராய்ந்து, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தைக் கண்டறிந்தார். செடியைக் கொதிக்க வைத்தபோது மருந்தின் ஆற்றல் கெட்டது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுக்க வேண்டும் என்னும் குறிப்பு ஒரு பழைய நூலைப் படித்தபோது அவருக்குத் தோன்றியது. 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பழைய நூலைப் புறக்கணிக்கவில்லை. சோதித்துப் பாராமல் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

மூலிகை நஞ்சாகும் இடம்

‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்னும் எண்ணம் தவறானது. புழுவை மயங்கச் செய்யும் ஆற்றலுடைய பொருள் குழந்தையின் உடலையும் தாக்கக்கூடும்.

தமிழ்நாட்டின் கரிசல் நிலங்களில் ஆடுதீண்டாப்பாளை என்னும் சிறு செடி படர்ந்து வளர்கிறது. ஆடும் தின்னாது என்பதே அதன் பெயருக்குப் பொருள். புழுக்களைக் கொல்வது என்னும் பொருளில் வடமொழியில் அதற்குக் கீடமாரி என்று பெயர். இச்செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்குவதும் புற்றுநோயை உண்டாக்குவதும் இப்போது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளன. 1990களில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி அம்மாத்திரையில் கலந்திருந்ததே அதற்குக் காரணம். முற்காலத்தில் இத்தீங்கு ஏன் அறியப்படவில்லை என்று வினவலாம். புழு வெளியேறுவதை மறுநாளே காணலாம். சிறுநீரகம் பழுதாவதோ மாதங்கள், ஆண்டுகள் கடந்தே வெளிப்படும். ஆதலால் ஒன்றையும் மற்றொன்றையும் இணைத்துப் பார்ப்பது அரிதாயிற்று.

வேம்பும் இதற்கு விலக்கன்று. வேப்பம்பூ உணவாகும். ஆனால் வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சிறு குழந்தைகளுக்குப் புகட்டுதல் உயிருக்கே ஆபத்தானது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் சிலர்க்கு வாந்தியும் வலிப்பும் ஏற்பட்டு, மூளையும் கல்லீரலும் தாக்குண்டதை மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். அன்போடு கொடுத்த மருந்தே தீங்காயிற்று. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களில் இவ்வாபத்து இன்னும் மிகுதி. செடியின் பெயர் நினைவில் இருக்கும். எந்தப் பகுதி, எவ்வளவு, எந்த வயதினர்க்கு என்பவை மறந்து போயிருக்கும்.

தலையிலும் தோலிலும்

பேனும் ஓர் ஒட்டுண்ணியே. அது தலையில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. பேன்சீப்பால் வாரி எடுப்பது சரகர் கூறிய முதல் வழியைச் சேர்ந்தது. இன்றும் அது பயனுள்ள முறையே. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கமும் பல மாநிலங்களில் உள்ளது. அவ்விதைத்தூள் கண்ணில் பட்டால் விழிப்படலம் புண்ணாகும். ஆதலால் குழந்தைகளுக்கு அதனைப் பூசாமல் இருப்பதே நன்று.

சொறிசிரங்கை உண்டாக்கும் நுண்ணுயிர்ப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசும் முறை தமிழ்நாட்டில் பழமையானது. தோலின் மேல் பூசுவதற்கும் வாயால் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்குக் கருத வேண்டும். பூசுவதற்கு ஏற்ற பொருள் அனைத்தும் உண்பதற்கு ஏற்றதாகாது. பூசியும் சிரங்கு ஆறாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பள்ளியில் ஒரு மாத்திரை

இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாள்களையொட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள் இதனைப் பெறுவர். ஒரு மாத்திரையின் அளவு 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி மாத்திரை கொடுக்கப்படும். இம்மாத்திரை, புழு தன் உணவாகிய சர்க்கரையை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. புழு பசியால் மடிகிறது. மாத்திரையை நன்கு மென்று விழுங்க வேண்டும். காய்ச்சல் முதலிய நோயுள்ள மாணவர் அதனை ஆசிரியரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

வயிற்றில் புழுக்கள் மிகுதியாக இருந்தால் மாத்திரை உண்ட அன்று சிறிது வயிற்றுவலியோ குமட்டலோ தோன்றலாம். பெரும்பாலும் அது விரைவில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பெரியோரிடம் கூற வேண்டும்.

மறந்துபோன மூன்றாம் வழி

மாத்திரை உண்டால் அன்று வயிற்றிலுள்ள புழுக்கள் நீங்கும். மண்ணிலுள்ள முட்டைகளை அது ஒன்றும் செய்யாது. உருளைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். மாத்திரை ஆண்டுக்கு இருமுறை வழங்கப்படுவது இதனாலேயே. பாட்டி ஆறு மாதத்திற்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்ததும் ஏறத்தாழ இதே இடைவெளியில்தான்.

புழு மீண்டும் வாராமல் காப்பது சரகரின் மூன்றாம் வழி. கழிப்பறையையே பயன்படுத்துதல், அதன் பின்னும் உண்பதற்கு முன்னும் சவக்காரமிட்டுக் கை கழுவுதல், நகத்தை ஒட்ட வெட்டுதல், வெளியில் செருப்பணிதல், காய்கறிகளையும் பழங்களையும் நல்ல நீரில் கழுவுதல், இறைச்சியை நன்கு வேகவைத்தல் ஆகியவை அதில் அடங்கும். வீட்டில் ஒருவர்க்குக் கீரிப்பூச்சி இருந்தால் அனைவரும் மருத்துவரின் அறிவுரைப்படி மருந்துண்டு, படுக்கை விரிப்புகளையும் துவைக்க வேண்டும்.

ஒரு தெருவில் ஒரு வீட்டார் மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை. கழிப்பறையும் நல்ல நீரும் எல்லார்க்கும் கிடைத்தால்தான் எல்லாப் பிள்ளைகளும் புழுவின்றி வளர்வர்.

பாட்டியின் பொட்டலத்தை அன்போடு பெற்றுக்கொள்ளலாம். வேப்பம்பூ இரசமும் சுண்டைக்காய்க் குழம்பும் சுவைத்து உண்ணலாம். மருந்து வேண்டும்போது தகுதி பெற்ற மருத்துவரை நாட வேண்டும். அவர் சித்த மருத்துவராகவும் இருக்கலாம், ஆங்கில மருத்துவராகவும் இருக்கலாம். அடுத்த முறை பாட்டி தொலைபேசியில் அழைத்து, ‘பூச்சிக்கு என்ன கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால், பேரனோ பேத்தியோ கூறுவதற்கு ஒரு விடை உண்டு: ‘பள்ளியில் மாத்திரை உண்டேன், பாட்டி. வீட்டில் வேப்பம்பூ இரசம் உண்டேன். இரண்டுக்கும் முன்னால் கையைக் கழுவினேன்.’

பயிற்சி

அ. சொல்லும் பொருளும்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து அதன் உடலில் வாழும் உயிர்
ஓம்புயிர் – ஒட்டுண்ணிக்கு இடமளிக்கும் உயிர்
குருதிச்சோகை – குருதியில் செந்நிறப் பொருள் குறைவதால் வரும் நோய்
சவக்காரம் – சோப்பு

ஆ. குறுவினா
1. கொக்கிப்புழு மனித உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது?
2. கிருமியை நீக்கச் சரக சம்ஹிதை கூறும் மூன்று வழிகள் யாவை?
3. ஆடுதீண்டாப்பாளையின் தீங்கு முற்காலத்தில் அறியப்படாமைக்குக் காரணம் என்ன?

இ. சிந்தித்து எழுதுக
நைஜீரிய ஆய்வில் ஒரு குழுவினர்க்குத் தேன் மட்டும் கொடுத்தது எதற்காக?

ஈ. கேட்டு அறிக
வேம்பு, ஓமம், பாகல், பப்பாளி, மாதுளை, புரசு ஆகியவற்றுக்கு உங்கள் மாநில மொழியில் வழங்கும் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுக. அவற்றை அவர்கள் எவ்வாறு சமைக்கின்றனர் என்பதையும் ஐந்து வரிகளில் எழுதுக.